உருட்டுற கொம்போஸ்ட் பெரல்: மலைநாட்டு வீட்டுக்கு எத எடுக்கிறது, எப்படி பாவிக்கிறது

2021 மே மாசம் இரசாயன உர இறக்குமதிய நிப்பாட்டினதுல இருந்து நம்ம பக்கம் எல்லாரும் கொம்போஸ்ட் பத்தி பேச ஆரம்பிச்சாங்க, நவம்பர்ல அந்த தடைய எடுத்துட்டாங்க, ஆனா உரத்தோட விலை பழைய எடத்துக்கு திரும்பி வரவே இல்ல. அதுக்குப் பிறகு வீட்டுத்தோட்டம் வச்சிருக்கிற நிறைய பேரு குழி வெட்டிப் பாத்து, கூடு கட்டிப் பாத்து, இப்ப இந்த ஸ்டாண்ட்ல தொங்குற, கையால சுத்துற பெரல் பக்கம் வந்திருக்காங்க. இது புதுசா வாங்கப் போறவங்களுக்காக எழுதுறது. நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைன்னு நம்ம குளிருக்கும் மழைக்கும் பொருத்தமா சொல்றேன், ஏன்னா இந்த பெரலோட விளம்பரம், வீடியோ எல்லாம் பெரும்பாலும் வெயில் ஊர்ல எடுத்தது, அதுல சொல்ற மாதிரி ரெண்டு வாரத்துல உரம் எடுக்கிறதெல்லாம் இங்க நடக்காது.

ஒரு விசயத்த இப்பவே சொல்லிடுறேன், மத்ததெல்லாம் இதுக்குப் பின்னாலதான் வரும். மலையில இந்த பெரல் கெட்டுப்போறது சுத்தாததால இல்ல, ஈரம் கூடுறதால. எந்த பெரல் எடுக்கிறதுங்கிறத விட, காய்ஞ்ச சாமான் எங்க சேத்து வைக்கப் போறீங்கங்கிறதுதான் முதல்ல யோசிக்க வேண்டியது.

இது உங்களுக்குத் தேவையா?

அரை ஏக்கர் மரக்கறி போடுற ஆளுக்கு இந்த பெரல் வேணாம். லீக்ஸ், கரட் பாத்தி நிறைய இருந்தா உங்களுக்கு வேண்டியது கூரை போட்ட நல்ல குவியல், ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்துக்கு கொறையாம, அதுதான் உள்ளுக்குள்ள சூட்ட பிடிச்சு வைக்கும், செலவும் கம்மி. பெரல் யாருக்குன்னா லயத்து வாசல்ல ரெண்டு பாத்தி கோவா, நாலு தக்காளி, கொஞ்சம் ரோசா வச்சிருக்கிறவங்களுக்கு. பக்கத்து காம்பரா காரங்க வாடை அடிக்குதுன்னு சொல்லக்கூடாது, நாய் கிண்டக்கூடாது, எலி வரக்கூடாது, ராத்திரி காட்டுப்பன்னி வந்து குழிய பெரட்டிப் போடக்கூடாது. இதுக்கெல்லாம் மூடி போட்ட, தரையில இருந்து உயர்ந்து நிக்கிற பெரல் நல்லது. முதுகு வலி உள்ளவங்களுக்கும் சுகம், முள்ளு (இரும்பு ஃபோர்க்) போட்டு கிளறுற வேலை இல்ல.

குழி முறை நம்ம பக்கம் ஏன் சரிவராதுன்னா சரிவுல வெட்டுற குழியில மழைத்தண்ணி ஊறி நிக்கும், உள்ள காத்து இருக்காது, அப்ப அது உரமாகாது, ஊறி நாறும். அதுக்காகவாவது பெரல் பரவாயில்ல.

பிரதேச சபை சில நேரம் கொறஞ்ச விலைக்கு கொம்போஸ்ட் பீப்பா குடுப்பாங்க, 2008ல தொடங்குன பிலிசரு திட்டம் மாதிரி திட்டங்களால நிறைய வீட்டுல அது நிக்குது. ஆனா அது பெரும்பாலும் நிமிந்து நிக்கிற வகை, உருளாது. அது ஏற்கனவே வீட்டுல இருந்தா தூக்கிப் போடாதீங்க, பின்னால உரத்த ஆறவிடுறதுக்கு உதவும்.

எந்த மாதிரி பெரல்

கடையில, ஒன்லைன்ல பாத்தா மூணு விதம் வரும். ஒண்ணு நீளவாக்குல படுத்து, ரெண்டு பக்கமும் ஸ்டாண்ட்ல தாங்கி, கைபிடியால சுத்துறது. ரெண்டாவது நடுவுல கம்பி குறுக்கால போய் தலகீழா புரளுறது. மூணாவது தரையில ஒரு அடித்தட்டு மேல உக்காந்து உருளுறது. தலகீழா புரளுறது நல்லா கலக்கும், ஆனா பாதிக்கு மேல நிரம்புனா சாமான் பூரா ஒரு முனையில சேந்துக்கும், அந்த பாரத்த ஒவ்வொரு தடவையும் மேல தூக்கிவிட வேண்டியிருக்கும், வயசானவங்களுக்கு கஷ்டம். தரையில உருளுறதோட அடித்தட்டுல மண்ணும் பாசியும் பிடிச்சா மழை காலத்துல நகரவே நகராது. அதனால நான் சொல்றது நீளவாக்குல படுக்குற வகைதான்.

அளவு. 70, 80 லீட்டர்ல அழகா சின்னதா வரும், அத எடுக்காதீங்க. சின்ன பெரல்ல உண்டாகுற சூடு பிளாஸ்டிக் வழியா உடனே வெளிய போயிரும், நுவரெலியா மாதிரி 1,868 மீட்டர் உயரத்துல, வருசம் பூரா சராசரி 16 டிகிரி பக்கத்துல இருக்கிற ஊர்ல அது குளிர்ந்த சாப்பாட்டுப் பெட்டியாத்தான் கெடக்கும். 150ல இருந்து 200 லீட்டர் வரைக்கும் எடுங்க. அதுக்கு மேல போனா பாரம். 200 லீட்டர் பெரல்ல மூணுல ரெண்டு பங்கு நனைஞ்ச சாமான் போட்டா கூடக் குறைய 70, 80 கிலோ வரும், அத சுத்துறது உங்க கையிதான்.

உள்ள ரெண்டு அறையா பிரிச்சது கெடச்சா காசு கொஞ்சம் கூடினாலும் அதையே எடுங்க. காரணம் இருக்கு. உரம்ங்கிறது ஒரு தொகுதியா பழுக்கணும், தினமும் மேல மேல புதுசா போட்டுக்கிட்டே இருந்தா எப்ப கதவ தொறந்தாலும் பாதி உரம் பாதி நேத்து வெட்டுன போஞ்சி நாருன்னு கெடக்கும், எடுக்கவும் முடியாது விடவும் முடியாது. ரெண்டு அறை இருந்தா ஒண்ணு நிரம்பினதும் அதுல போடுறத நிப்பாட்டிட்டு அடுத்ததுல போடலாம், முதலாவது அதுபாட்டுக்கு பழுக்கும். ஆனா 150 லீட்டர ரெண்டா பிரிச்சா ஒரு அறை 75தான், அப்ப சூடு கொறையும், அதனால ரெண்டறைன்னா மொத்தம் 200 பக்கத்துல இருக்கட்டும். ஒரே அறைதான் கெடச்சதுன்னா அது பழுக்குற காலத்துல வர்ற குப்பைக்கு மூடி உள்ள இன்னொரு பழைய பெரலோ பெரிய வாளியோ வச்சுக்கோங்க.

கடையில நின்னு பாக்க வேண்டியது இவ்வளவுதான். கதவு கை முழங்கை வரைக்கும் உள்ள போற அளவு இருக்கா, மண்வெட்டியோ சின்ன கரண்டியோ நுழையுமா, கீழ வாளி வச்சா நேரா கொட்டுமா. கதவு கொக்கி குரங்கு தொறக்க முடியாத மாதிரி இறுக்கமா இருக்கா (சும்மா தள்ளுற கதவுன்னா ஒரு நாள்லயே தொறந்துரும், குரங்குக்கு பாடம் எடுக்கவே வேணாம்). காத்து ஓட்டைக்கு உள்பக்கம் வலை இருக்கா, ஏன்னா ஆறு, ஏழு மில்லிமீட்டர் சந்து இருந்தா சுண்டெலி குட்டி உள்ள போயிரும். ஸ்டாண்ட் வெறும் பெயின்ட் அடிச்ச தகரக் குழாயா, இல்ல கல்வனைஸ் பண்ணதா. நம்ம பனிக்கும் மழைக்கும் பெயின்ட் அடிச்சது ஒரு மழைக் காலத்துலயே துருப்பிடிக்கத் தொடங்கிரும், நட்டு போல்ட்டு இறுகிப் போய் கழட்டவே முடியாது. பிளாஸ்டிக் கறுப்பா, தடிப்பா, வெயிலுக்கு தாங்குற யூவி வகைன்னு எழுதியிருக்கணும், குளிர் ஊருன்னு நெனைக்காதீங்க, உயரத்துல வெயிலோட யூவி கடுமை, மெல்லிசு பிளாஸ்டிக் பொரிஞ்சு வெடிச்சிரும்.

நாமளே செஞ்சுக்கிறதுன்னா

வாங்குறதவிட இது மலிவு, கொஞ்சம் மெனக்கெட்டா போதும். நீல நிற 200 லீட்டர் பிளாஸ்டிக் பெரல் பழசு கெடைக்கும். முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, இதுக்குள்ள என்ன இருந்துச்சு. சாப்பாட்டு சாமான் வந்த பெரல்னா சரி. கிருமிநாசினி, களைநாசினி, பெயின்ட், எண்ணெய் வந்ததுன்னா எத்தன தடவ கழுவினாலும் எடுக்காதீங்க, விக்கிறவரு தெரியாதுன்னு சொன்னாலும் எடுக்காதீங்க.

வெல்டிங் பட்டறையில ஒன்றரை அங்குல ஜீஐ பைப் ஒண்ணு, அத தாங்குறதுக்கு ரெண்டு பக்கமும் எக்ஸ் வடிவத்துல ஆங்கிள் அயன் கால் செய்யச் சொல்லுங்க. மரத்துலயும் செய்யலாம், ஆனா கால் மண்ணுல படுற எடத்துல கல்லு வைங்க. பைப் பெரலோட மூடி நடுவுலயும் அடி நடுவுலயும் ஓட்டை போட்டு நீளவாக்குல போகணும். பக்கத்துல ஒரு அடிக்கு ஒன்றரை அடி கதவு வெட்டி, வெட்டுன அதே துண்டுக்கு கீல் போட்டு ரெண்டு கொக்கி. பிறகு சுத்தி வர 10, 12 மில்லிமீட்டர் ஓட்டை, ஒண்ணுக்கொண்ணு ஒரு சாண் இடைவெளி விட்டு, ஒவ்வொண்ணுக்கும் உள்பக்கமா மெல்லிசு கம்பி வலை. ஆட்கள் விட்டுடுற ஒரு வேலை இருக்கு. உள்பக்கம் நீளத்துக்கு மூணு பலகையோ ஆங்கிளோ போல்ட்டு போட்டு நிறுத்தணும், ரெண்டு மூணு அங்குலம் உள்ள நீட்டிக்கிட்டு. அது இல்லாட்டி பெரல் சுத்தும், சாமான் அடியில வழுக்கிக்கிட்டு அப்படியே கெடக்கும், கலக்காது. அந்தப் பலகைதான் அள்ளி மேல கொண்டுபோய் கீழ போடுறது.

எங்க வைக்கிறது

வெயில் படுற, மழை நேரா விழாத எடம். ரெண்டும் ஒண்ணா கெடைக்காட்டி மழைய தடுக்குறதுக்கு முதலிடம் குடுங்க, ரெண்டு தகரம் மேல சாச்சு கட்டினாலே போதும். அட்டன், நோர்வூட், வட்டவளை பக்கம் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை ஊத்தும், பதுளை, பண்டாரவளை பக்கம் டிசம்பர் தொடங்கி வடகீழ் மழை, ஆனா ஜூலை, ஆகஸ்ட்ல காய்ஞ்ச காத்து அடிக்கும். அதனால ஊவா பக்கத்து ஆளுங்களுக்கு அந்த ரெண்டு மாசம் எதிர்ப் பிரச்சினை, உள்ள காய்ஞ்சு போகும், தண்ணி தெளிக்க வேண்டி வரும். காத்துக்கு ஸ்டாண்ட கம்பி போட்டு கட்டி வைங்க, வெறும் பெரலா இருக்கும்போது அது பறக்கும்.

தரை மட்டமா இருக்கணும், சரிவுல வச்சா நிரம்பின பெரல் சுத்தும்போது ஸ்டாண்டோட கவுந்துரும். கான் ஓரத்துல, தண்ணி பிடிக்கிற பீலிக்கு மேல வைக்காதீங்க, வடியுற தண்ணி குடிக்கிற தண்ணியில கலக்கக் கூடாது. அந்த வடிநீர பிடிக்க அடியில தட்டு வச்சா ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ ஊத்திடுங்க. மூடாத தட்டுல தண்ணி நிண்டா நுளம்பு, பிஎச்ஐ (பொதுச் சுகாதார பரிசோதகர்) ஐயா வந்தா டெங்கு நோட்டீஸ், பிறகு நீங்க கொம்போஸ்ட் கதை சொன்னாலும் அவரு கேக்க மாட்டாரு. அந்த தண்ணிய செடிக்கு ஊத்துறதுன்னா ஒண்ணுக்கு பத்து பங்கு தண்ணி கலந்து, இலையில படாம அடியில மட்டும். கீரை, சலாது மாதிரி பச்சையா சாப்பிடுறதுக்கு ஊத்தவே வேணாம்.

காய்ஞ்ச சாமான் சேக்குறது

குசினிக் குப்பை எல்லாம் ஈரம், நைதரசன் கூடினது. கிருமி அத தின்னு உரமாக்கணும்னா அதுக்கு காபன் வேணும், அது காய்ஞ்ச சாமான்ல இருக்கு. கணக்கு சொல்றவங்க 25, 30 பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசன்னு சொல்லுவாங்க. வீட்டுல அத யாரும் அளக்க முடியாது, அதனால ஒரு வாளி குப்பைக்கு ரெண்டு வாளி காய்ஞ்சதுன்னு வச்சுக்கோங்க, மழை மாசத்துல ரெண்டரையா போட்டாலும் தப்பில்ல.

மழை தொடங்கின பிறகு காய்ஞ்ச இலை தேடிப் போனா கெடைக்காது, எல்லாம் ஊறிக் கெடக்கும். அதனால பெப்ரவரி, மார்ச்ல வெயில் நேரத்துல உர சாக்குல அள்ளி, இஸ்தோப்பு ஓரத்துலயோ விறகு வைக்கிற எடத்துலயோ அடுக்கிருங்க. அஞ்சாறு சாக்கு இருந்தா ஒரு மழை காலம் ஓடும்.

எத சேக்குறது? மானாப் புல் காய்ஞ்சது முதல் தரம், வெட்டி சின்னதாக்கிப் போட்டா காத்தும் விடும் சீக்கிரமும் மக்கும். போஞ்சிக் கொடி, சோளத் தட்டை காய வச்சு நறுக்கினது. சவுக்கு (கிரவிலியா மரம்) இலை நம்ம பக்கம் தேயிலைக்குள்ள மூட்டை மூட்டையா விழும், அது தோல் மாதிரி கட்டியா இருக்கிறதால முழுசா போட்டா மூணு மாசம் கழிச்சும் அப்படியே இருக்கும், அத காய்ஞ்ச நேரத்துல சாக்குல போட்டு மிதிச்சு நொறுக்கி, மத்த இலையோட கலந்து கால்வாசிக்கு மேல போகாம பாத்துக்கோங்க. பைனஸ் ஊசி, டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்) மரத்து இலை இன்னும் மெதுவு, வேற வழி இல்லாட்டி கொஞ்சம். மிலாறு (கவ்வாத்துல வெட்டுன தேயிலைக் குச்சி) போடாதீங்க, அது அடுப்புக்குத்தான், பெரல்ல அது சும்மா கம்பியா சுத்திக்கிட்டு இருக்கும். கவ்வாத்து வெட்டுற நேரம் அந்த மிலாறுல இருக்கிற இலைய மட்டும் உருவி எடுத்தா நல்ல சாமான்.

அட்டைப் பெட்டி, பேப்பர் கிழிச்சுப் போடலாம், பளபளன்னு இருக்கிற அட்டை வேணாம், டேப்ப உரிச்சுடுங்க. மரத்தூள் ரொம்ப காபன், மெதுவா மக்கும், ஒரு கைப்பிடி ரெண்டு கைப்பிடின்னு தூவினா ஈரத்த உறிஞ்சும், மருந்தடிச்ச பலகை அறுத்த தூள் மட்டும் எடுக்காதீங்க. தும்புத் தூள் கெடைச்சா அத மாதிரி ஈரம் உறிஞ்சுறது எதுவும் இல்ல. உமி ஈரத்த உறிஞ்சாது, ஆனா நடுவுல காத்து நிக்க எடம் பண்ணும், ரெண்டையும் கலந்து வச்சுக்கிட்டா மழைக்கு நல்ல ஆயுதம்.

ரோட்டு ஓரம், தோட்டத்து ஓரம் வெட்டுன புல் எடுக்கும்போது ஒண்ணு கேளுங்க, களைநாசினி அடிச்சாங்களான்னு. அடிச்சிருந்தா விட்டுடுங்க, உரத்துல மிச்சம் தங்கி தக்காளி, போஞ்சிய சுருட்டிப் போடுற மருந்தும் இருக்கு.

முதல் தடவ நிரப்புறது

அடியில நாலு விரல் உயரத்துக்கு காய்ஞ்சது. அதுக்கு மேல ஒரு வாளி பச்சை, ரெண்டு வாளி காய்ஞ்சது. பச்சைன்னா மரக்கறி தோல், தேயிலைச் சக்கை (நம்ம வீட்டுல இது எப்பவும் கொறையாது, நைதரசன் நல்லா இருக்கிற சாமான்), கோவா மேல் இலை, லீக்ஸ் வேர் பக்கம், நசுக்கின முட்டைக் கோது. இதோட காட்டு சூரியகாந்தி, அந்த மஞ்சப் பூ பூத்து ரோட்டு ஓரம் பூரா நிக்குமே, அதோட எளசான தண்டும் இலையும் வெட்டிப் போடுங்க, காசில்லாத உரம் அது, சீக்கிரம் மக்கும். தேயிலைக்கு நிழலுக்கு வைக்கிற டடப் மரத்து இலையும் அப்படித்தான்.

எல்லாத்தையும் ரெண்டு விரல் அளவுக்கு நறுக்குங்க. கோவாத் தண்டு, சோளப் பொத்தி மாதிரி கட்டியானத கத்தியால பிளந்து போட்டா சீக்கிரம் போகும். பிறகு பழைய உரமோ, காட்டு மண்ணோ ரெண்டு கைப்பிடி, இருந்தா ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு மாட்டுச்சாணி தண்ணியில கரைச்சு தெளிங்க. பக்கத்துல மாடு வளர்க்கிற வீடு எப்படியும் இருக்கும், கேட்டா தருவாங்க. கடையில வாங்குற ஸ்டாட்டர் பொடியெல்லாம் தேவையில்ல, அந்த கிருமி நம்ம மண்ணுலயே இருக்கு. கோழி எரு போடலாம், ஆனா அது கடுமை, ஒரு பெரலுக்கு ரெண்டு மூணு கைப்பிடி போதும், கூடிட்டா கண்ண எரிக்கிற வாடை வரும். மண்புழு வாங்கிப் போடாதீங்க, சூட்டுக்கும் சுத்துறதுக்கும் அது செத்துரும், அதுக்கு வேற பெட்டி.

மூணுல ரெண்டு பங்கோட நிப்பாட்டுங்க. கொஞ்ச நாள்ல அமுங்கும்தானேன்னு முழுசா அமுக்கினா உள்ள புரள எடம் இருக்காது. ரெண்டு வாரத்துக்குள்ள எப்படியும் அமுங்கி எடம் வரும், அப்ப மேல போட்டுக்கலாம், ஒரு மாசத்துக்குள்ள அந்த அறைய மூடிருங்க.

போடக்கூடாதது. மீன், இறைச்சி, எலும்பு, எண்ணெய், பால் சாமான், நாய் பூனை கழிவு, பம்பர்ஸ், கடதாசி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் தேயிலைப் பை. மிச்ச சோறு கொஞ்சம் பரவாயில்ல, சட்டியோட கொட்டாதீங்க. சிரட்டையும் வேணாம், நம்ம ஆயுசுல மக்காது. வீட்டுல அப்பாயி அடுப்புச் சாம்பல எல்லாம் எடுத்துட்டு வந்து கொட்டுவாங்க, மெதுவா சொல்லுங்க, வாரத்துக்கு ஒரு கைப்பிடிக்கு மேல வேணாம்னு. சாம்பலும் சுண்ணாம்பும் டொலமைட்டும் பெரலுக்குள்ள கூடினா நைதரசன் அமோனியாவா பறந்துரும், நம்ம மண்ணு புளிப்பு மண்ணுதான், அதுக்கு டொலமைட் போடுறதுன்னா பாத்தியில போடுங்க, பெரல்ல இல்ல.

இன்னொண்ணு, இத மலைநாட்டு மரக்கறிக்காரங்க கட்டாயம் கவனிக்கணும். கருகல் விழுந்த உருளைக்கிழங்கு, தக்காளி செடி, வேர் முண்டு முண்டா வீங்கின கோவா, நோக்கோல் வேர், உருளைக்கிழங்கு பாத்தியில எடுத்த வேர், இதெல்லாம் பெரல்ல போகக் கூடாது. நோய்க் கிருமி சாக 55 டிகிரிக்கு மேல மூணு நாளாவது எல்லாம் சேந்து வெந்திருக்கணும், நம்ம பெரல் அந்த சூட்டுக்கு வந்தாலும் அதுல நிக்கும்னு நம்ப முடியாது. வீங்கின கோவா வேர் நோய் மண்ணுக்குள்ள பல வருசம் கெடக்கும், அத நீங்களே உரம்னு சொல்லி எல்லா பாத்திக்கும் பரப்பி விட்டுடக் கூடாது. அத காய வச்சு எரிச்சிருங்க. விதை வச்ச களையும் இதே கணக்குதான்.

சுத்துறதும் ஈரம் பாக்குறதும்

தினமும் சுத்தாதீங்க. ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்கிற சூடு வெளிய போகுது, நுவரெலியாவுல ஜனவரி, பெப்ரவரி ராத்திரியில புல்லு மேல பனி உறையுற குளிரு. முதல் ரெண்டு வாரம் மூணு நாளைக்கு ஒரு தடவ, நாலஞ்சு சுத்து, பிறகு வாரத்துக்கு ஒரு தடவ. புதுசா குப்பை போடுற அன்னைக்கு மட்டும் கட்டாயம் சுத்தணும், இல்லாட்டி மேலயே கெடந்து ஈ மொய்க்கும். ஓடுதான்னு பாக்க, காலையில குளிர்ல கதவ தொறங்க. உள்ள இருந்து வெள்ளையா ஆவி வந்து கண்ணாடி போட்டவங்களுக்கு மூடிக்கும். கைய விட்டா மேல ஜில்லுனு இருந்தாலும் ஒரு சாண் உள்ள வெதுவெதுன்னு இருக்கணும். அது போதும்.

ஈரம் பாக்குறது இப்படி. உறை போட்ட கையால நடுவுல இருந்து ஒரு பிடி எடுத்து நல்லா நசுக்குங்க. விரல் சந்துல ஒண்ணு ரெண்டு சொட்டு எட்டிப்பாத்தா சரி, கைய விரிச்சா உருண்டை கொஞ்சம் நேரம் நின்னு விரல் பட்டதும் உதிரணும். தண்ணி வழிஞ்சு முழங்கைக்கு ஓடினா ரொம்ப ஈரம். கைய விரிச்ச உடனே தூளா கொட்டினா தண்ணி பத்தல. கையுறை ஏன்னா ஈரத்துல எலிக்காய்ச்சல் பயம் எப்பவும் இருக்கு, கையில வெட்டுக்காயம் இருந்தா கட்டிட்டுத்தான் தொடணும், முடிஞ்சதும் சவுக்காரம் போட்டு கழுவணும்.

உருட்டுற பெரலுக்கு மட்டும் வர்ற ஒரு வருத்தம் இருக்கு, உருண்டை பிடிக்கிறது. ஈரம் கொஞ்சம் கூடினா சுத்தும்போது சாமான் எல்லாம் தேங்காய் அளவு உருண்டையா திரளும். வெளிய பாத்தா கறுப்பா, பதமா, ஆஹா உரமாயிருச்சேன்னு தோணும். ஒண்ண எடுத்து கையால பிளந்து பாருங்க, உள்ள போன மாசம் போட்ட பப்பாசித் தோல் வெளிறிப்போய் அப்படியே இருக்கும், புளிச்ச மோர் வாடை முகத்துல அடிக்கும், காத்து உள்ள போகவே இல்ல. அப்ப சுத்திச் சுத்தி பிரயோசனம் இல்ல, சுத்தச் சுத்த இன்னும் இறுகும். எல்லாத்தையும் ஒரு படங்குல கொட்டி, கையாலயோ முள்ளாலயோ உடைச்சு, உமியும் தும்புத்தூளும் நொறுக்கின இலையும் கலந்து திரும்பப் போடணும். கைக்கு அலுப்புதான், வேற வழி கெடையாது.

மத்த கோளாறு சுருக்கமா. அழுகின முட்டை வாடைன்னா ஈரம், காய்ஞ்சது போடுங்க, கதவ ஒரு வெயில் நாள் பூரா தொறந்து விடுங்க. மூக்க எரிக்கிற வாடைன்னா நைதரசன் கூடிருச்சு, அட்டையும் மரத்தூளும் போடுங்க. எறும்பு கூடு கட்டினா காய்ஞ்சிருக்கு. சின்ன ஈ பறந்தா பழத்தோல் மேல கெடக்கு, மூடிப் போடுங்க. கண்டி, பதுளை மாதிரி கீழ் பக்கத்துல தடிச்ச வெளிறின புழு நெளியும், பாக்க அருவருப்பு, ஆனா அது கறுப்பு ஈயோட குட்டி, குப்பைய தின்னு வேலைய முடிக்கிற ஆளு, கோழி இருந்தா பொறுக்கிப் போடுங்க. சூடே வரலன்னா, ஈரமும் சரியா இருந்தா, பச்சை பத்தல, காட்டு சூரியகாந்தியோ ஒரு பிடி கோழி எருவோ போட்டு ரெண்டு நாள் பாருங்க.

எடுக்கிறதும் போடுறதும்

பதுளை, கண்டி பக்கத்து வெயில்ல ரெண்டு மாசம், மேல நுவரெலியா, தலவாக்கலை, அட்டன் மழையில மூணு மாசம், அவ்வளவு ஆகும்னு எதிர்பாருங்க. போட்டதுல பாதிக்கும் கொறைவாத்தான் மிஞ்சும், அது சரிதான். கறுப்பா உதிரியா, எது எதுன்னு அடையாளம் தெரியாம, மழை விழுந்த மண்ணு வாசம் வரணும். சந்தேகம்னா ஒரு பிடி ஈரமா பிளாஸ்டிக் பையில இறுக்கக் கட்டி மூணு நாள் வச்சு தொறந்து மோந்து பாருங்க. அதே மண்வாசம்னா சரி, நாறினா இன்னும் பழுக்கல.

பெரல்ல இருந்து எடுத்ததும் நேரா வேருல போட்டுடாதீங்க. ஓட்டை போட்ட சாக்குலயோ, அந்த பிரதேச சபை பீப்பாவுலயோ மழை படாத எடத்துல மூணு, நாலு வாரம் ஆறட்டும். ஆறாத உரம் நாத்துக்கு ஆகாது, முளைக்கிற விதையையே கருக்கிடும். பாக்கணும்னா ஒரு டின்ல அந்த உரத்த மண்ணோட பாதிக்குப் பாதி கலந்து பத்து பயறு போடுங்க, பக்கத்துல வெறும் மண்ணுல பத்து, ஒரு வாரத்துல தெரிஞ்சிரும். அதுக்குப் பிறகு அரை அங்குல வலையில சலிச்சு, மேல தங்குற கட்டியையும் மக்காத சவுக்கு இலையையும் அடுத்த தொகுதிக்கு ஸ்டாட்டரா போட்டுடுங்க.

பாத்திக்கு ஒரு சதுர மீட்டருக்கு ரெண்டு, மூணு கிலோ, மேல ரெண்டு மூணு அங்குல மண்ணோட கொத்திக் கலக்கணும். சரிவுல இருக்கிற பாத்தின்னா மேல தூவி விட்டா முதல் மழைக்கே கானுல போயிரும். பூச்சாடிக்கு மூணு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு. கரட், பீட்ரூட் பாத்திக்கு நல்லா ஆறினத மட்டும், இல்லாட்டி கிழங்கு கவட்டையா பிரியும். ரோசாவுக்கு தண்ட விட்டு ஒரு சாண் தள்ளி சுத்தி வர போடுங்க. கொம்போஸ்ட்ல நைதரசன் நூத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் இருக்கும், அதுவும் மெதுவா விடும், கோவா, லீக்ஸ் மாதிரி தீனி கூட கேக்குற பயிருக்கு இது மட்டும் பத்தாது, கோழி எருவோ கொஞ்சம் யூரியாவோ சேத்துதான் ஆகணும், இத சொல்லாம விக்கிறவங்கள நம்பாதீங்க. இது செய்யுறது மண்ணு வேலை, மழைக்கு இறுகாம, வெயிலுக்கு காயாம வச்சிருக்கும்.

பெரல் காலியா இருக்கிற அன்னைக்கு கழுவ வேணாம், ஒட்டிக்கிட்டு இருக்கிறது அடுத்த தொகுதிக்கு நல்லது. பைப் சுத்துற எடத்துக்கு கிறீஸ் தடவி, வலையில அடைச்சிருக்கிறத குச்சியால குத்தி விட்டு, நட்ட இறுக்கிட்டு, காய்ஞ்ச சாக்கு எத்தன மிச்சம் இருக்குன்னு பாத்துட்டு அடுத்தத தொடங்குங்க.